மழை வந்தால் வேலை மாறும்: ஓடும் செய்நிரலில் ஒரு பொருளின் நடத்தை

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் பெருந்தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் பல இடங்களில் ஒரே தோட்டத்தின் இரு பகுதிகளாக நிற்கின்றன. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட ஆகிய பகுதிகளில் ஒரே லயத்தில் குடியிருக்கும் இருவரில் ஒருவர் பால்வெட்டுக்கும் மற்றவர் கொழுந்துக்கும் போவது வழமை. இறப்பர் மரத்தின் பட்டை நனைந்திருக்கும்போது பால் வெட்டுக்கோட்டின் வழியே ஒழுங்காக இறங்காமல் பட்டை மீது பரவி வழிந்துவிடும். சிரட்டையில் விழுவதும் மழைநீரோடு கலந்து கெட்டுவிடும். ஆகவே இரவு பெய்த மழை காலையிலும் விடாவிட்டால் அன்றைய பால்வெட்டு நிறுத்தப்பட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பிரட்டுக்களத்தில் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி வேறு வேலைக்கு, கொழுந்துக்கோ புல்வெட்டுக்கோ, அனுப்பப்படலாம். ஆள் அதே ஆள். தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலில் அவருடைய பெயரும் இலக்கமும் அவையே. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் அதுவே. அன்றைக்கு அவருடைய உழைப்பு எதனால் அளக்கப்படும், சம்பளம் எந்த விதியால் கணக்கிடப்படும் என்பது மட்டுமே மாறுகிறது.

இந்தச் செக்ரோலைக் கணினியில் எழுத முற்படும் ஒருவர், செய்நிரலாக்கத் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார்: செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறிப்பிட்ட ஒன்றின் நடத்தையை மட்டும், அது அதுவாக இருப்பதைக் குலைக்காமல், அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவற்றையும் தொடாமல், எப்படி மாற்றுவது?

கேள்வியின் கூர்மை விளங்குவதற்குப் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் என்ற முறையின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரவை ஓரிடத்திலும் அதன் மீது செய்யும் கணக்குகளை வேறிடத்திலும் வைக்காமல், ஒன்றைப் பற்றிய தகவல்களையும் அது செய்யக்கூடிய செயல்களையும் சேர்த்துக் கட்டிய அலகை இம்முறை ‘பொருள்’ என்கிறது. ஒரே மாதிரியான பொருள்கள் பலவற்றுக்குப் பொதுவான வரையறை ‘வகுப்பு’ எனப்படும். அவ்வரையறையில் எழுதப்பட்ட செயல்கள் ‘செயல்முறைகள்’ எனப்படும். தொழிலாளி என்ற வகுப்பு ஒன்றுதான். அதிலிருந்து தோன்றும் பொருள்கள் தோட்டத்தில் எத்தனை பேர் பெயர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை. ஒஸ்லோ நகரிலிருந்த நோர்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியே இக்கருத்துகளை முதலில் ஒன்றாகக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இப்பணிக்காக அவர்களுக்கு வழங்கப்பட்டது. வெளி உலகில் நடப்பதைக் கணினிக்குள் நிகழ்த்திப் பார்ப்பதற்காகப் பிறந்த மொழி அது. உலகத்தில் இருப்பவை தம் வாழ்நாளில் மாறுகின்றன என்ற சிக்கல் அதனாலேயே தொடக்கத்திலிருந்து இம்முறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் ‘மரபுரிமை’ என்ற வசதியையே முதலில் நாடுவார். ஒரு வகுப்பின் இயல்புகளைப் பெற்றுக்கொண்டு அவற்றோடு சிலவற்றைச் சேர்க்கும் உள்வகுப்புகளை எழுத இவ்வசதி இடம் தருகிறது. எனவே தொழிலாளி என்ற பொது வகுப்பின் கீழ் பால்வெட்டுத் தொழிலாளி, கொழுந்துத் தொழிலாளி என்று இரண்டு உள்வகுப்புகளை அமைத்து, ஒன்றில் பாலின் அளவைக் கொண்டும் மற்றதில் கொழுந்தின் கிலோவைக் கொண்டும் சம்பளம் கணக்கிடும் செயல்முறைகளை எழுதிவிடுவது பாடநூல்களிலும் பரவலாகக் காணப்படும் தீர்வு. வெயில் காயும்வரை இது வேலை செய்யும். ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் ஒரு பொருள் பிறக்கும்போது எந்த வகுப்பில் பிறந்ததோ இறுதிவரை அதே வகுப்பில்தான் இருக்கும் என்பதால், மழை வந்த காலையில் பால்வெட்டுப் பொருளை அழித்துவிட்டு, அதன் தகவல்களைப் பிரதி செய்து, கொழுந்துப் பொருள் ஒன்றைப் புதிதாகப் படைப்பதைத் தவிர வழியில்லை.

பெயரையும் இலக்கத்தையும் பிரதி செய்வது எளிதுதான். ஆனால் செய்நிரலுக்குள் அந்தப் பொருளைச் சுட்டிக்கொண்டிருப்பவை பல: தீபாவளி முற்பணத்தை மாதந்தோறும் கழிக்கும் பதிவு, லீவுக் கணக்கு, லயக் காம்பிராவின் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் பழைய பொருளின் முகவரியையே கையில் வைத்திருக்கும். புதிய பொருளை அவை அறியா. முற்பணம் செத்த பொருளின் பெயரில் கழிக்கப்பட, சம்பளம் உயிரோடிருக்கும் பொருளின் பெயரில் எழுதப்படும். செய்நிரலாளர்கள் ‘அடையாளம்’ என்று சொல்வது இதைத்தான்: ஒன்றின் தகவல்கள் எல்லாம் மாறினாலும், அது முன்பிருந்த அதே ஒன்று என்று மற்றவை அறிந்துகொள்ள உதவும் தொடர்ச்சி.

பரவலாக ஏற்கப்பட்ட விடை, மாறுவதை மாறாததிலிருந்து பிரித்துவிடுவதாகும். தொழிலாளி என்ற பொருள் சம்பளத்தைத் தானே கணக்கிடாமல், ‘இன்றைய வேலை’ என்ற வேறொரு சிறிய பொருளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேள்வி வரும்போது அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. பால்வெட்டு ஒரு வேலைப்பொருள், கொழுந்து இன்னொன்று, நாட்பெயருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கில், செய்யும் புல்வெட்டு மூன்றாவது. மழை வந்தால் தொழிலாளிப் பொருள் அப்படியே இருக்க, அதன் கையிலிருக்கும் வேலைப்பொருள் மட்டும் மாற்றப்படுகிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது வகுப்பையே மாற்றிக்கொண்டதுபோலத் தோன்றும். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட வடிவமைப்பு வார்ப்புகள் பற்றிய நூல் இந்த அமைப்பை இரண்டு பெயர்களில் விளக்குகிறது. எந்த விதியால் கணக்கிடுவது என்பதை வெளியிலிருப்பவர் தேர்ந்து கொடுத்தால் அது ‘உத்தி’ வார்ப்பு; பொருளே தன் உள்நிலைக்கு ஏற்ப ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தால் அது ‘நிலை’ வார்ப்பு. பிரட்டுக்களத்தில் வேலையைத் தீர்மானிப்பவர் கணக்கப்பிள்ளையோ கங்காணியோதான், தொழிலாளி அல்லர். ஆகவே செக்ரோலுக்கு உரியது முதலாவது. இரண்டு வார்ப்புகளின் வரைபடங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாலே குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2021 மார்ச் மாதத்தில் சம்பள நிர்ணயச் சபையின் தீர்மானப்படி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், அடிப்படை 900 ரூபாயும் வரவு செலவுத் திட்டப் படி 100 ரூபாயுமாக, 1000 ரூபாய் ஆக்கப்பட்டது. அது எல்லாருக்கும் உரிய மாற்றம். செய்நிரலில் அதற்குரிய இடம் வகுப்பு, அங்கே ஒரு முறை மாற்றினால் எல்லாப் பொருள்களும் அதைப் பின்பற்றும். மழைக்கால வேலைமாற்றமோ குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் உரியது. இவ்விரண்டையும் கலந்துவிடும் செய்நிரல்களில்தான் ஒருவருக்காகச் செய்த திருத்தம் ஊரெல்லாம் பரவுகிறது. ஊருக்காகச் செய்த திருத்தம் சிலரைத் தொடாமல் போகிறது.

ஒப்படைக்கும் சுற்றுவழி இல்லாமல், பொருளையே நேரடியாகத் திருத்த இடம்தரும் மொழிகளும் உண்டு. அவற்றின் வரலாறு தனிச் சுவை கொண்டது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் அலன் கே, டான் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பர்க் முதலியோர் வளர்த்த ஸ்மால்டாக் மொழியில், இரண்டு பொருள்களின் அடையாளங்களையே ஒன்றுக்கொன்று மாற்றிவிடும் கட்டளை இருந்தது. அதுவரை முதலாவதைச் சுட்டிக்கொண்டிருந்த எல்லாம் அந்தக் கணத்திலிருந்து இரண்டாவதைச் சுட்டும். டேவிட் உங்கர், ரண்டல் ஸ்மித் ஆகியோர் 1987இல் ஒரு கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய செல்ஃப் மொழி இன்னும் ஒரு படி சென்று வகுப்பு என்ற ஒன்றையே கைவிட்டது. அங்கே பொருள்கள் மட்டுமே உண்டு. தனக்குத் தெரியாத செயலைப் பொருளொன்று தன் ‘பெற்றோர்’ பொருளிடம் கேட்டுப் பெறுகிறது. அந்தப் பெற்றோர் யார் என்பதை இயங்குநேரத்திலேயே மாற்றலாம். பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இந்தச் சிந்தனையைக் கடன்பெற்றது. இன்று இணைய உலாவிகள் எல்லாவற்றிலும் ஓடும் மொழி அதுவே என்பதால், பிறந்த பின்னும் பெற்றோரை மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள்கள் உலாவியுள்ள ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கின்றன. ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோவின் ரூபி மொழி, ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் உரிய செயல்முறையை எழுத அனுமதித்து, அதைத் தாங்குவதற்கு அந்தப் பொருளுக்கென்றே மறைவான தனி வகுப்பொன்றை உண்டாக்கிக்கொள்கிறது.

இவற்றுள் மிகவும் பொறுப்பான ஏற்பாடு, 1994இல் தரப்படுத்தப்பட்ட காமன் லிஸ்ப் மொழியில் உள்ளதாகவே தோன்றுகிறது. அதில் ஒரு பொருளின் வகுப்பை மாற்றும் கட்டளை பொருளின் அடையாளத்தை அப்படியே வைத்திருக்கிறது. இரு வகுப்புகளுக்கும் பொதுவான பண்புகளின் மதிப்புகளைக் காப்பாற்றுகிறது. பழைய வகுப்புக்கு மட்டும் உரியவற்றை நீக்குகிறது. புதிய வகுப்பு கேட்கும் பண்புகளுக்கு என்ன மதிப்பு வைப்பது என்பதைத் தீர்மானிக்கச் செய்நிரலாளர் எழுதிய செயல்முறையொன்றை அழைக்கிறது. மாற்றம் என்பது ஒரு நிகழ்வு, அதற்குரிய காரியங்களைச் செய்தாக வேண்டும் என்பதை மொழியே ஏற்றுக்கொள்கிறது. மற்ற மொழிகள் பெரும்பாலும் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பேசாமலிருந்துவிடுகின்றன.

புதியவர்களுக்கு இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் பைதான் மொழி அப்படிப் பேசாமலிருக்கும் மொழிகளில் ஒன்று. அதில் ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பு எது என்பதையும் ஒரு பண்பாகவே வைத்திருப்பதால், சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அந்தப் பண்பில் வேறொரு வகுப்பை எழுதிப் பொருளை இனம் மாற்றிவிடலாம். அல்லது ஒரு பொருளின் மீது மட்டும், வகுப்புக்கு வெளியே தனியாக எழுதிய புதிய ‘செயற்கூறு’ ஒன்றை ஒட்டிவிடலாம். இரண்டாவது வழியில் இரண்டு பொறிகள் உள்ளன. வகுப்பில் எழுதிய செயல்முறைக்கு, அதை அழைத்த பொருள் எது என்பது தானாகவே தெரிவிக்கப்படும். பொருளின் மீது ஒட்டிய செயற்கூறுக்கு அப்படித் தெரிவிக்கப்படுவதில்லை, இணைப்பைச் செய்நிரலாளரே வெளிப்படையாக உண்டாக்க வேண்டும். கூட்டல், ஒப்பிடல், நீளம் கேட்டல் போன்ற மொழியின் உள்ளமைந்த செயல்களுக்குரிய சிறப்புச் செயல்முறைகளையோ பைதான் வகுப்பில் மட்டுமே தேடும்; பொருளின் மீது ஒட்டியவற்றைக் கண்டுகொள்ளாது, வகுப்பில் பழையது இருந்தால் பிழை என்றும் சொல்லாது. ஒட்டிவிட்டோம் என்று நம்பியிருப்பவருக்குப் பழைய விடையே வந்துகொண்டிருக்கும்.

வேகமும் ஒரு விலை. எந்தப் பொருளும் எப்போதும் மாறலாம் என்றால் ஒவ்வொரு அழைப்பிலும் செயல்முறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிவரும். இதைத் தவிர்க்க, சென்ற முறை இதே இடத்தில் எந்த வகைப் பொருள் வந்ததோ அதுவே மறுபடியும் வரும் என்று ஊகித்து, கண்டுபிடித்த விடையை அங்கேயே குறித்துவைக்கும் உத்தியைப் பீட்டர் டொய்ச், அலன் ஷிஃப்மன் ஆகியோர் ஸ்மால்டாக் மொழிக்காக 1984இல் விளக்கினர். செல்ஃப் மொழிக் குழு அதை மேலும் வளர்த்தது. 2008இல் கூகிள் வெளியிட்ட வி8 இயந்திரம் ஜாவாஸ்கிரிப்ட்டை விரைவாக ஓட்டுவதும் இவ்வகை ஊகங்களால்தான். நடுவழியில் ஒரு பொருளின் பெற்றோரை மாற்றுவது இந்த ஊகங்களைப் பொய்யாக்குவதால், ஜாவாஸ்கிரிப்ட் நூல்கள் அச்செயலை எச்சரிக்கையோடு தவிர்க்கச் சொல்கின்றன. செக்ரோல் போன்ற சிறிய செய்நிரலுக்கு இது பொருட்டல்ல.

மழை சப்ரகமுவ மாகாணத்தில் வேலையை மட்டும் மாற்றுவதில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலைச்சரிவு இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயக் குடியிருப்புகள் மண்ணில் புதைந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. மண்சரிவு எச்சரிக்கையை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம், 24 மணி நேர மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைக் கடந்தால் மஞ்சள், 100ஐக் கடந்தால் செம்மஞ்சள், 150ஐக் கடந்தால் சிவப்பு என்ற மூன்று மட்டங்களைக் கையாண்டு, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அவற்றை அறிவிக்கிறது. மஞ்சளில் விழிப்போடிருக்க வேண்டும், செம்மஞ்சளில் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பில் வெளியேற வேண்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்நிரலாக எழுத முற்பட்டால், ‘நிலை’ வார்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவும் ஒரு பொருள். எல்லாம் ஒரே வகுப்பு. புளத்கொஹுபிட்டிய சிவப்பிலிருக்கும் அதே நேரத்தில் ருவன்வெல்ல மஞ்சளில் இருக்கலாம் என்பதால் நடத்தையை வகுப்பில் மாற்ற முடியாது. புதிய மழை அளவு வந்தால் என்ன செய்வது, யாருக்கு அறிவிப்பது, எந்த மட்டத்துக்கு நகர்வது என்பவற்றை ஒவ்வொரு மட்டப்பொருளும் தனக்கேற்றபடி அறிந்திருக்கும். மழை நின்றவுடன் மண்ணில் ஊறிய நீர் வடிந்துவிடுவதில்லை. ஆகவே ஏறுவதற்குரிய விதியும் இறங்குவதற்குரிய விதியும் ஒன்றாக இருக்கக்கூடாது. நிபந்தனைகளை அடுக்கடுக்காக எழுதிய செய்நிரலில் இந்த வேறுபாடு எங்கோ ஒரு வரியில் புதைந்து கிடக்கும். சிவப்பு என்ற பொருளில் அதைத் தனியாக எழுதினால், கணினி தெரியாத அதிகாரி ஒருவருக்கும் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கலாம். நேரடித் திருத்தத்தைவிட ஒப்படைப்பே மேல் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் வலுவானது இதுவே.

நேரடித் திருத்தம் நல்ல பயன் தந்த இடமும் உண்டு; அது இலங்கையிலேயே பிறந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்பில் தன்னார்வச் செய்நிரலாளர்கள் எழுதத் தொடங்கி, லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த சஹானா என்ற கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் பற்றிய பதிவுகளைக் கையாள்வது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. முதலில் பிஎச்பி மொழியிலிருந்த சஹானா பின்னர் பைதானில் ஈடன் என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்டது. ஒரு நாட்டின் முகாம் பதிவு இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நாட்டுக்காகவும் மூலநிரலைத் திருத்தினால் பிறகு எவரும் அதைப் பராமரிக்க முடியாது. ஈடன் இதற்குக் கண்ட வழி எளிமையானது: கோரிக்கை ஒன்று வரும்போது அதற்கு முன்னேற்பாடு செய்யும் செயற்கூறை ஒரு பொருளின் பண்பாக வைத்திருக்கிறது, குறிப்பிட்ட நாட்டுக்குரிய வார்ப்புரு அந்தப் பழைய செயற்கூறை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, புதியதொன்றை அதே இடத்தில் வைக்கிறது, புதியது முதலில் பழையதை அழைத்து, பிறகு தனக்குரிய மாற்றங்களைச் செய்கிறது. பழையது அழியாமல் புதியதற்குள் அடங்கி நிற்பதும், மாற்றம் அந்த ஒரு கோரிக்கையோடு முடிந்துவிடுவதும்தான் இம்முறை பிழைக்கக் காரணம்.

கோரிக்கையைத் தாண்டி வாழவேண்டிய மாற்றங்களுக்கு அது பொருந்தாது. கடும் மழை இரவுகளில் மின்சாரம் போவது சப்ரகமுவவில் புதிதல்ல. கணினி நின்று மீண்டும் எழும்போது, நினைவகத்தில் பொருளின் மீது ஒட்டியிருந்த செயற்கூறுகள் எல்லாம் போயிருக்கும். தரவுத்தளத்தில் தங்குவது தரவு மட்டுமே. புளத்கொஹுபிட்டியவின் மட்டம் சிவப்பு என்ற ஒரு சொல் பதியப்பட்டிருந்தால், செய்நிரல் எழுந்தவுடன் அச்சொல்லைப் படித்து, அதற்குரிய மட்டப்பொருளை மீண்டும் பிரிவின் கையில் கொடுத்துவிடலாம். ஒட்டிய நடத்தையாக மட்டும் இருந்திருந்தால், பிரிவு தன் பிறப்பு வகுப்பின் இயல்புக்கு, அதாவது எச்சரிக்கையே இல்லாத நிலைக்கு, ஓசையின்றித் திரும்பியிருக்கும்.

செக்ரோலிலோ இன்றைய நிலையை மட்டும் பதிவதும் போதாது. மார்ச்சில் ஒரு மழைநாளில் புல்வெட்டுக்குப் போனவருக்கு அன்றைய பெயர் விழவில்லை, பால் ஒன்றும் வராத பால்வெட்டு நாளாகவே எழுதப்பட்டது என்று ஏப்ரலில் முறைப்பாடு வந்தால், அந்த நாளின் சம்பளத்தை அந்த நாளின் விதியால்தான் மறுபடி கணக்கிட வேண்டும். பொருளின் கையில் இப்போதிருக்கும் வேலையோ மறுபடியும் பால்வெட்டு. ஆகவே கவனமாக எழுதப்பட்ட கணக்குச் செய்நிரல்கள், தொழிலாளிப் பொருளிடம் ஒரு வேலைப்பொருளுக்குப் பதிலாகத் திகதியிட்ட வேலைப்பொருள்களின் வரிசையொன்றைக் கொடுத்து, சம்பளம் கேட்பவர் எந்த நாளுக்குக் கேட்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி வைக்கின்றன. வரிசையில் புதியது சேருமே தவிரப் பழையது நீக்கப்படாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுக்குக் குறையாத சேவையுள்ள நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு நிறைவுற்ற ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் என்று கணக்கிடச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் போடும் செயல்முறை, அந்த ஆண்டுகளில் எத்தனை நாள் பால்வெட்டு, எத்தனை நாள் கொழுந்து என்று பார்ப்பதில்லை. வரிசை முழுவதும் முதல் நாள் பதியப்பட்ட அதே பொருளுக்கு உரியதுதானா என்பதையே பார்க்கிறது. மழை வந்த காலைகளில் பொருளை அழித்துப் புதிதாகப் படைத்த செய்நிரலில், அந்த ஐந்து ஆண்டு ஒவ்வொரு மழைக்கும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியிருக்கும்.